பறவை ஆராய்ந்த பாடகர்

அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் தொடங்கிய இசைக்குழு ஷியர்வாட்டர். அலையை உரசியபடி தாழப் பறக்கும் ஒரு கடற்பறவையின் பெயர் அது. பியானோ, பாஞ்சோ, நரம்பிசைக் கருவிகள். கிசுகிசுப்பாகத் தொடங்கித் திடீரெனக் கொந்தளிக்கும் பாடல்கள். 2008இல் வந்த ‘ரூக்’ தொகுப்பைக் கேட்டால் தெரியும்.

பாடகர் ஜொனாதன் மெய்பர்க் சன்னலோரம் உட்கார்ந்து இயற்கையைப் பாடியவர் அல்ல. தென் அட்லாண்டிக்கின் ஃபாக்லாந்து தீவுகளுக்கே போய், அங்குள்ள காரகாரா பறவைகளை ஆராய்ந்தவர். பருந்துபோலத் தோன்றினாலும் இவை வல்லூறுக்குச் சொந்தம். பொல்லாத குறும்பு வேறு! டார்வின் வந்த பீகிள் கப்பல்காரர்களின் தொப்பியையும் திசைகாட்டியையுமே தூக்கிக்கொண்டு போயிருக்கின்றன. டார்வினே இதை எழுதிவைத்திருக்கிறார். பாட்டோடு நிற்காமல், 2021இல் இந்தக் காரகாராக்களைப் பற்றி மெய்பர்க் ஒரு முழுப் புத்தகமும் வெளியிட்டார்.