வீட்டுத் தோட்ட மூங்கிலின் பயன்கள்

மலைநாட்டுத் தோட்டக் குடும்பங்களுக்குச் சில குறிப்புகள்

மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் ஓடையோரங்களிலும் லயங்களின் பின்புறத்திலும் மூங்கிற் புதர்கள் நிற்பதைக் காணலாம். வேலி முறிந்தாலோ, துணி காயப்போடக் கழி வேண்டியிருந்தாலோ ஒன்றை வெட்டிக்கொள்வதோடு பலரும் நின்றுவிடுகின்றனர். வெட்டிய கழி சில மாதங்களுக்குள் உளுத்து மாவாகக் கொட்டுவதால், மூங்கில் நிலைக்காத பொருள் என்னும் எண்ணமும் பரவியிருக்கிறது. குற்றம் மூங்கிலினுடையதன்று. வெட்டவேண்டிய வயதையும் பருவத்தையும், வெட்டியபின் பதப்படுத்தும் முறையையும் கவனியாமையே அதற்குக் காரணமாகும்.

லயத்தில் வாழும் குடும்பத்துக்குரிய நிலம் மிகச் சிறிது. அச் சிறு நிலத்தில் விளையும் போஞ்சியும் தக்காளியும் கோவாவும், அங்கு வளரும் நாலைந்து கோழிகளும் கூலிக்கு மேலாகக் கிடைக்கும் வருவாயாகும். கம்பும் கூடையும் கடையில் வாங்கினால் அவ் வருவாயின் ஒரு பகுதி அதற்கே போய்விடும். அவற்றைக் காட்டில் வெட்டினாலோ, நீரூற்றுகளைக் காக்கும் மரங்கள் குறைந்துவிடும். வீட்டருகே நிற்கும் ஒரு மூங்கிற் புதர் இவ்விரு நட்டங்களையும் தவிர்க்கவல்லது.

எவ்வகை மூங்கில்?

மலைநாட்டில் மிகுதியாகக் காணப்படுவது மஞ்சள் மூங்கில். தண்டு மஞ்சள் நிறமாகவும் அதில் பச்சைக் கோடுகள் உள்ளதாகவும் இருக்கும். இதன் பச்சை நிற வகையும் உண்டு. ஏறத்தாழ 4,100 அடி உயரத்திலுள்ள ஹற்றனிலும் அதற்குக் கீழ்ப்பட்ட இடங்களிலும் இது செழித்து வளரும். 6,100 அடிக்கு மேற்பட்ட நுவரெலியாவில் தை, மாசி மாதங்களில் உறைபனி விழுவதால், பெரிய மூங்கில்கள் அங்கு அவ்வளவு நன்றாக வளர்வதில்லை. அங்கே வேலிக்காக நடப்படும் சிறு சீன மூங்கிலே ஏற்றது.

பேராதனைத் தாவரவியற் பூங்காவில் நிற்கும் இராட்சத மூங்கிலைப் பலர் பார்த்திருப்பர். நூறடிக்கு மேல் உயரும் அம் மூங்கிலின் முளை, மழைக்காலத்தில் ஒரே நாளில் ஓரடியளவு வளர்வதுண்டு. வீட்டுத் தோட்டத்துக்கு அது அளவுக்கு மிஞ்சியது. ஹோட்டன் சமவெளியில் இயற்கையாக வளரும் குறு மூங்கில் இந்நாட்டுக்குரிய அரிய செல்வம். அப்பகுதி 1988ஆம் ஆண்டு முதல் தேசிய வனமாகப் பாதுகாக்கப்பட்டு வருகிறது. அங்குள்ளதைத் தொடலாகாது.

வயதறிந்து வெட்டுதல்

மரம் ஆண்டுதோறும் பருக்கும், மூங்கில் அவ்வாறன்று. முளைக்கும்பொழுது எவ்வளவு பருமனோ, அதுவே அதன் இறுதிப் பருமன். சில மாதங்களில் முழு உயரத்தையும் அடைந்துவிடும். அதன் பின்னர் உயரமோ பருமனோ கூடுவதில்லை. உட்பகுதி மட்டுமே ஆண்டுக்காண்டு இறுகி வைரம் ஏறும். ஆகவே பருமனைப் பார்த்து வயதைக் கூறல் இயலாது.

மூன்றாண்டு நிறைந்த கழியையே கம்பத்துக்கும் வேலிக்கும் வெட்டவேண்டும். இளங்கழி பளபளப்பாகவும், கணுக்களில் உறை ஒட்டியபடியும் இருக்கும். முதிர்ந்த கழி மங்கி, தோலில் சாம்பல் நிறப் பாசிப் புள்ளிகள் படர்ந்திருக்கும். தட்டினால் கணீரென ஒலிக்கும். மிக எளிய வழி ஒன்றுண்டு: ஆண்டுதோறும் புதிதாக எழும் கழிகளில் அவ்வாண்டின் இலக்கத்தை வர்ணத்தால் எழுதிவைத்தால், வெட்டும்பொழுது ஐயம் எழாது. கூடை முடைவதற்கு மட்டும் ஓராண்டு முதல் ஈராண்டு வரையான, வளையுந்தன்மை மிக்க கழிகள் கொள்ளத்தக்கன.

வெட்டும்பொழுது பின்வருவனவற்றை நினைவிற் கொள்க:

1. தை முதல் பங்குனி வரையான வறண்ட மாதங்களே வெட்டுவதற்கு உகந்தவை. முளைகள் எழும் மழைக்காலத்தில் வெட்டினால் கழியில் மாப்பொருள் மிகுந்திருக்கும், முளைகளும் மிதிபடும்.

2. நிலத்திலிருந்து முதலாவது கணுவுக்குச் சற்று மேலே வெட்டவேண்டும். கணுவுக்கு மேல் குழாயாக எஞ்சினால் அதில் மழைநீர் தேங்கி அடிக்கட்டை அழுகும்; நுளம்பும் பெருகும்.

3. புதரின் வெளிப்பக்கத்திலுள்ள இளங்கழிகளை விட்டு, நடுவிலுள்ள முதியவற்றையே எடுக்கவேண்டும். இதற்காகப் புதரின் ஒரு பக்கத்தைக் குதிரை லாடம் போலத் திறந்து வைத்துக்கொள்ளலாம்.

4. ஓராண்டில் மூன்றிலொரு பங்குக்கு மேல் வெட்டலாகாது. முழுப் புதரையும் ஒருங்கே வெட்டினால் அடுத்து வரும் கழிகள் மெலிந்துபோகும்.

தேய்பிறையில் வெட்டிய மூங்கில் உளுக்காது என முதியோர் கூறுவர். எப்பிறையில் வெட்டினும், வயதையும் பருவத்தையும் பதப்படுத்தலையும் கைவிடலாகாது.

உளுக்காமற் காத்தல்

மூங்கிலைத் துளைக்கும் சிறு வண்டு அதன் மரத்தை நாடி வருவதில்லை. அதிலுள்ள மாப்பொருளையே நாடி வருகிறது. அம் மாப்பொருளைக் குறைத்துவிட்டால் வண்டின் தொல்லையும் குறையும். வீட்டிலேயே செய்யத்தக்க வழிகள் சில:

இலையோடு உலரவிடல்: வெட்டிய கழியை இலைகளும் கிளைகளும் நீக்காமல், அடிப்பகுதி ஒரு கல்லின்மேல் இருக்குமாறு புதரிலேயே சாய்த்துவைத்து, இரண்டு முதல் நான்கு கிழமைகள் விட்டுவிடவேண்டும். கழியிலுள்ள ஈரத்தை இலைகள் உறிஞ்சி வெளியேற்றும். மாப்பொருளும் ஓரளவு செலவாகும்.

நீரில் ஊறவிடல்: ஓடையிலோ குட்டையிலோ கழிகளைக் கல் ஏற்றி அமிழ்த்தி, ஒரு மாதம் முதல் மூன்று மாதம் வரை ஊறவைத்தால் மாப்பொருள் கரைந்துபோகும். தேங்கிய நீரில் ஊறியவை நாற்றமடிப்பதுண்டு. பின்னர் நிழலில் நிறுத்திவைத்து உலர்த்தவேண்டும். குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேலே ஊறவிடல் கூடாது.

மருந்திடல்: வெண்காரம் 3 கிலோவும் போரிக் அமிலம் 2 கிலோவும் 100 லீற்றர் நீரிற் கரைத்து, பிளந்த மூங்கிலை ஏறத்தாழ ஒரு கிழமை அமிழ்த்திவைக்கலாம். முழுக்கழியாயின் உட்கணுக்களைக் கம்பியால் துளைத்து, இரு கிழமை வைத்தல் நன்று. கூரைக்குக் கீழ் நிற்கும் பொருள்களுக்கு இது சிறந்தது. மண்ணில் நாட்டும் கம்புக்கு உதவாது. மழையில் மருந்து கரைந்துவிடும். எஞ்சிய நீரை மரக்கறிப் பாத்தியிலோ ஓடையிலோ ஊற்றலாகாது. மிகுந்த அளவில் அது பயிரைக் கெடுக்கும்.

இவ்வழிகளில் எதையும் செய்யாது மண்ணில் நாட்டிய கழி ஓரிரு ஆண்டுகளே நிற்கும். மழைபடாத இடத்தில் அதுவே நாலைந்து ஆண்டுகள் உழைக்கும்.

பயன்படும் வகைகள்

போஞ்சிக் கம்பு: கொடிப் போஞ்சிக்கு ஏழடிக் கம்பு வேண்டும். முப்பதடிக் கழி ஒன்றின் அடியையும் நுனியையும் நீக்கினால், நடுவில் ஏழடித் துண்டுகள் மூன்று கிடைக்கும். ஒவ்வொன்றையும் நான்காகப் பிளந்தால் 12 கம்புகளாகும். பத்துக் கழிகளில் 120 கம்புகள் பெறலாம். மண்ணிற் புதையும் அடிப்பகுதியைச் சற்றே தீயிற் கருக்கித் தார் பூசினால் அதிக காலம் நிற்கும். அறுவடை முடிந்ததும் கம்புகளைப் பிடுங்கி, மண்ணைக் கழுவி, வெயிலில் நன்கு உலர்த்திக் கூரையின் கீழ் அடுக்கவேண்டும். துரு நோய் கண்ட பாத்தியிலிருந்து எடுத்த கம்பை அடுத்த போகத்துக்கு அப்படியே பயன்படுத்தினால், நோயும் அதனோடு வரும்.

நாற்றுமேடை: பிளாச்சுகளை வளைத்துப் பாத்தியின் இருபுறமும் ஊன்றி, மேலே பொலித்தீன் விரித்தால் நாற்றுகளுக்கு மழையிலிருந்தும் பனியிலிருந்தும் பாதுகாப்புக் கிடைக்கும். பருத்த கழியைக் கணுவுக்குக் கீழே அறுத்தெடுத்த குவளைகள், அடியில் சிறு துளையிட்டால், நாற்றுச் சாடிகளாகும்.

கூடையும் மட்டக்கம்பும்: கொழுந்து மூச்சுவிட இடமின்றி அடைபட்டால் சூடேறித் தரம் கெடும். இடைவெளிவிட்டு முடைந்த மூங்கிற் கூடை காற்றை உள்ளே விடுகிறது. பல இடங்களில் பையும் பிளாஸ்டிக்கும் அதன் இடத்தைப் பிடித்துவிட்டன. எனினும் மரக்கறி சுமக்கவும், எரு அள்ளவும், கோழியைக் கவிழ்த்து மூடவும் முடைந்த கூடைக்குத் தேவை இருந்துகொண்டே இருக்கிறது. முடையத் தெரிந்த முதியோர் உள்ள லயங்களில் இளையோர் அத்தொழிலைக் கற்றுக்கொள்வது நன்று. கை மறந்த தொழிலைப் பின்னர் மீட்டல் அரிது. கொழுந்து மட்டத்தைக் காக்க உதவும் மட்டக்கம்புக்கும் நேரான, இலகுவான மூங்கிலே பொருத்தம்.

பீலி: ஊற்று நீரை லயத்துக்குக் கொண்டுவர, கழியை இரண்டாகப் பிளந்து கணுக்களைச் செதுக்கி எடுத்தால் பீலி ஆயிற்று. கூரை நீரைத் தொட்டியிற் சேர்க்கும் வாய்க்காலாகவும் இது உதவும். ஆண்டுக்கொருமுறை மாற்றுதல் நன்று.

ஏனையவை: கோழிக்கூடு, தட்டி, ஏணி, வேலி, கொடிப்பந்தல் யாவும் இதிற் செய்யலாம். உலர்ந்த மூங்கில் நல்ல விறகு. ஆனால் பிளக்காமல் அடுப்பிலிட்டால் மூடிய கணுவிடை வெடித்துக் காயம் உண்டாக்கும். உதிர்ந்த இலை பாத்திக்கு மூடாக்காகும்.

ஓடைக்கரையும் மண்ணும்

மூங்கிலின் வேர் மேல்மண்ணில் வலைபோலப் படர்ந்து மண்ணைப் பிடிக்கிறது. இந்த ஓடைகள் கழுவிச் செல்லும் மண், ஹற்றன் பக்கத்தில் காசல்ரி, மவுசாகலை நீர்த்தேக்கங்களையும், தலவாக்கலைப் பக்கத்தில் 2012இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலை நீர்த்தேக்கத்தையும் சென்றடைகிறது. கரையில் நிற்கும் மூங்கில் அம்மண்ணில் ஒரு பகுதியையேனும் தடுத்து நிறுத்தும்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. ஆழத்திலிருந்து பெயரும் மண்சரிவை மூங்கில் தடுக்காது. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மூடிய சரிவு அத்தகைய பேரிடர். நிலத்தில் வெடிப்போ, சுவரில் புதுப் பிளவோ, திடீரெனக் கலங்கிவரும் ஊற்றோ காணப்படின், மூங்கில் நிற்கிறதென நம்பி இராமல் உடனே அவ்விடத்தைவிட்டு நீங்கி, கிராம உத்தியோகத்தருக்கு அறிவித்தல் வேண்டும்.

புதிதாக நடுதல்

ஈராண்டுக்கு மேற்படாத கழியிலிருந்து, கிளை அரும்பிய இரண்டு கணுக்கள் உள்ள துண்டை வெட்டிக்கொள்க. நடுக் கணுவிடையில் சிறு துளையிட்டு நீர் நிரப்பி, துளையை அடைத்து, மூன்று நான்கு அங்குல ஆழத்தில் கிடையாகப் புதைக்கவேண்டும். நிலம் ஈரமாகவே இருத்தல் வேண்டும். வேர் பிடித்ததை அடுத்த மழைக்காலத் தொடக்கத்தில் பெயர்த்து, 15 முதல் 20 அடி இடைவெளியில் நடலாம். வீட்டுச் சுவருக்கும் கானுக்கும் அருகில் நடலாகாது. தேயிலைக்கு நடுவிலும் வேண்டா. நிழலும் வேரும் செடியை நலிவிக்கும். தோட்ட நிலத்திலும் ஓடை ஒதுக்கிலும் நடுமுன்பும் வெட்டுமுன்பும் நிர்வாகத்தின் அனுமதியைப் பெறுதல் முறை. ஐந்தாறு ஆண்டுகளில் முதல் அறுவடை கிடைக்கும்.

குழந்தைகளுள்ள வீட்டில் கவனிக்கவேண்டியவை

மூங்கில் முளையைப் பச்சையாக உண்ணலாகாது, அதில் நஞ்சுண்டு. உணவாகக் கொள்வோர் உறையை நீக்கி, மெல்லியதாக அரிந்து, திறந்த பாத்திரத்தில் நீரை மாற்றி மாற்றிப் பலமுறை அவித்து, ஒவ்வொரு முறையும் நீரைக் கொட்டிவிடவேண்டும். பழைய அடிக்கட்டைகளில் நீர் தேங்கும் குழிகளை மண்ணிட்டு நிரப்புக. டெங்கு நுளம்பு அங்கே முட்டையிடும். பிளக்கும்பொழுது கையைக் காத்துக்கொள்க. மூங்கிலின் விளிம்பு கத்தியையொத்தது.

இவ்வாண்டு வறண்ட மாதங்களில் மூன்றாண்டு நிறைந்த பத்துக் கழிகளை மட்டும் தெரிந்து வெட்டி, இலையோடு உலர்த்தி, நீரில் ஊறவிட்டுப் பாருங்கள். அடுத்த போகத்தின் போஞ்சிக் கம்புக்குக் காசு செலவிட வேண்டியிராது. மேலும் விளக்கம் வேண்டுவோர் தம் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகலாம்.