விமானம் ஏறும் முன்பே கேட்டுவிடுங்கள்

சிங்கப்பூரின் ஃபேரர் பார்க் எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து மேலே வந்தால், சிராங்கூன் சாலையோரம் ஐந்து நிலைக் கோபுரம் தெரியும். அது ஸ்ரீ ஸ்ரீனிவாசப் பெருமாள் கோயில். 1978-ல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்ட இடம். தைப்பூசக் காவடிகள் டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயிலுக்குப் புறப்படுவதும் இங்கிருந்துதான். சுற்றுலா வருவோர் பலர் பெருமாளைச் சேவித்துவிட்டு, பக்கத்தில் முஸ்தஃபா கடையில் சாமான் வாங்கிக்கொண்டு விமானம் ஏறிவிடுகிறார்கள். இடையில் ஏதாவது ஏமாற்றம் நேர்ந்தால், "ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிடுவதுதான் பெரிய நஷ்டம்.

கோயிலுக்குள்

நினைவுச்சின்னம் என்ற தகுதி கட்டடத்துக்கான சட்டப் பாதுகாப்பு. பார்வையாளருக்கு அதனால் தனிச் சலுகை எதுவும் கிடையாது. இந்து அறக்கட்டளை வாரியம் நிர்வகிக்கும் இந்தக் கோயிலில் அன்றாடம் பூசை நடக்கிறது. நண்பகலில் நடை சாத்தி மாலையில் திறப்பார்கள். உள்ளே போகக் கட்டணம் இல்லை. படம் எடுக்குமுன் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். காசு வாங்கிக்கொண்டு சுற்றிக்காட்டும் வழிகாட்டி, பயணத்துறைக் கழகத்தின் உரிமம் பெற்றவராக இருக்க வேண்டும். அட்டையைக் காட்டச் சொல்லலாம்.

தெரியாமல் மாட்டிக்கொள்பவை

சுவரில் பெயரைக் கிறுக்கினால் 2,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதமோ 3 ஆண்டு வரை சிறையோ கிடைக்கலாம். ஆண்களுக்குப் பிரம்படியும் உண்டு. மெல்லும் புகையிலையும் மின்சிகரெட்டும் நாட்டுக்குள் கொண்டுவரவே கூடாதவை. ஊரில் பழகிய பொட்டலம் சட்டைப்பையில் இருந்தாலும் குற்றம்தான்.

இந்தக் கோயில் இருக்கும் லிட்டில் இந்தியாவில் 2013 டிசம்பர் 8 அன்று நடந்த கலவரத்துக்குப் பின் வந்த மதுக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, அந்த வட்டாரத்தில் சனி காலை 7 மணி முதல் திங்கள் காலை 7 மணி வரை பொது இடத்தில் குடிக்கக் கூடாது. மற்ற நாள்களில் இரவு 10.30-லிருந்து காலை 7 வரை தடை.

கடையில் ஏமாந்தால்

2014-ல் சிம் லிம் ஸ்குவேர் கடைத்தொகுதியில் ஒரு வியட்நாம் பயணி ஐபோனுக்கு 950 வெள்ளி கட்டினார். உத்தரவாதத்துக்கென்று கடைக்காரர் மேலும் 1,500 வெள்ளி கேட்க, அவர் மண்டியிட்டு அழுதார். பயனீட்டாளர் சங்கம் தலையிட்டும் 400 வெள்ளிதான் திரும்பக் கிடைத்தது. மறு ஆண்டு கடை உரிமையாளர் 33 மாதம் சிறை சென்றார்.

ஆகவே பணம் கொடுக்குமுன் மொத்தத் தொகையை எழுதி வாங்குங்கள். புரியாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். தகராறு என்றால் அன்றே பயனீட்டாளர் சங்கத்தைத் தொடர்புகொள்ளுங்கள். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளைச் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் விசாரிக்கும். அங்கே வக்கீல் வைக்கத் தேவையில்லை, வைக்கவும் முடியாது. சுற்றுலாப் பயணி என்று சொன்னால் வழக்கை விரைந்து எடுத்துக்கொள்வார்கள். பில்லும், பேசியதற்கான குறுஞ்செய்தியும் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

வரிப் பணம்

100 வெள்ளிக்குக் குறையாமல் வாங்கினால், வரி மீட்புத் திட்டத்தில் சேர்ந்துள்ள கடைகளில் பொருள் சேவை வரியைத் திரும்பப் பெறலாம். வாங்கும்போதே பாஸ்போர்ட்டைக் காட்டுங்கள். இரண்டு மாதத்துக்குள் பொருளோடு விமானத்தில் கிளம்ப வேண்டும். பெட்டியைச் செக்-இன் செய்யுமுன் சாங்கி விமான நிலையத்தில் வரி மீட்பு இயந்திரத்தில் பதிந்துவிடுங்கள். அதிகாரிகள் பொருளைக் காட்டச் சொல்லக்கூடும், பெட்டி போய்விட்டால் காட்ட முடியாது.

பாஸ்போர்ட் தொலைந்தால்

முதலில் போலீஸ் புகார், பிறகு உங்கள் நாட்டுத் தூதரகம். புகார் நகல் காப்பீட்டுக்கும் வேண்டும். அவசரத்தில் போலீசுக்கு 999, ஆம்புலன்சுக்கு 995. பாஸ்போர்ட், விசா பக்கங்களின் படத்தை வீட்டில் ஒருவருக்கு இன்றே அனுப்பி வையுங்கள்.