தூக்க மாத்திரையை திடீர்னு நிறுத்தலாமா? பாதியா உடைச்சுப் போடலாமா? கவனிக்க வேண்டியது என்ன?

பதற்றம், தூக்கம் வரலைன்னு டாக்டரிடம் போகிறோம். மாத்திரை எழுதித் தருகிறார். சில நாட்களிலேயே நல்லா தூக்கம் வருகிறது, படபடப்பும் அடங்குகிறது. அதற்குப் பிறகு பல வீடுகளில் நடப்பது இரண்டில் ஒன்று. "அதான் சரியாகிடுச்சே, இனி எதுக்கு?" என்று ஒரே நாளில் நிறுத்திவிடுவார்கள். இல்லையென்றால் அதே பழைய சீட்டை நீட்டி வருடக்கணக்கில் மாத்திரை வாங்கிக்கொண்டே இருப்பார்கள். இரண்டுமே சிக்கல்தான். அதிலும் திடீரென நிறுத்துவது சிலருக்கு வலிப்பு வரை கொண்டுபோய் விடும்.

சீட்டில் இருப்பது ஒரே வகை மாத்திரையா?

பெரும்பாலும் இல்லை. இரண்டு வேறு வேறு வகைகள் ஒன்றாக எழுதப்பட்டிருக்கும்.

முதல் வகை, எஸ்சிடாலோபிராம், செர்ட்ராலின் போன்றவை. பதற்ற நோய்க்கு நீண்ட நாள் சிகிச்சை இதுதான். ஆனால் பலன் தெரிய 2 முதல் 6 வாரங்கள் வரை ஆகலாம். முதல் ஒன்றிரண்டு வாரம் சிலருக்குப் படபடப்பு கூடக்கூட செய்யும்.

இரண்டாவது வகை, குளோனசெபாம், அல்பிரசோலம், டயசெபாம், லோராசெபாம் போன்றவை. பென்சோடயசெபைன் என்பது இந்தக் குடும்பத்தின் பெயர். போட்ட கொஞ்ச நேரத்திலேயே மனசு அமைதியாகும், தூக்கம் வரும். முதல் வகை வேலை செய்யத் தொடங்கும் வரை தாக்குப்பிடிக்க இதைச் சில வாரங்களுக்கு மட்டும் டாக்டர்கள் சேர்த்துத் தருவது வழக்கம். கை வலிக்கும்போது கட்டும் தூளி மாதிரி. கை சரியானதும் கழற்ற வேண்டியது.

கழற்றுவதற்கு யாரும் திரும்பப் போவதில்லை என்பதுதான் பிரச்சினை. போதாக்குறைக்கு, இந்த இரண்டு மருந்தும் ஒரே மாத்திரையில் கலந்தே நம் ஊரில் கிடைக்கிறது. எஸ்சிடாலோபிராம் 10 மில்லிகிராம், குளோனசெபாம் 0.5 மில்லிகிராம் என்று அட்டையில் இரண்டு பெயர் இருந்தால் அது கலவை மாத்திரை. "தூக்க மாத்திரையைக் குறைக்கிறேன்" என்று அதைப் பாதியாக உடைத்தால், பதற்றத்துக்கான மருந்தும் சேர்ந்து பாதியாகிவிடும். எது குறைந்ததால் உடம்பு தடுமாறுகிறது என்பதே தெரியாமல் போகும். இப்படி இருந்தால் இரண்டையும் தனித்தனி மாத்திரையாக மாற்றித் தரும்படி டாக்டரிடம் கேளுங்கள். மருந்தைக் குறைப்பதில் முதல் வேலையே இதுதான்.

நிறுத்தியதும் தூக்கம் ஏன் போகிறது?

மூளையில் காபா என்றொரு ரசாயனம் உண்டு. அதுதான் பிரேக். பென்சோடயசெபைன் மாத்திரை அந்த பிரேக்கை இன்னும் அழுத்திக் கொடுக்கிறது. தினமும் வெளியிலிருந்து உதவி வருவதால், மூளையின் சொந்த பிரேக் மெல்ல மெல்லத் தளர்ந்துபோகிறது. மாத்திரையை ஒரே நாளில் எடுத்துவிட்டால் வண்டி பிரேக் இல்லாமல் ஓடும். தூக்கமின்மை, கை நடுக்கம், வியர்வை, நெஞ்சு படபடப்பு, வெளிச்சமும் சத்தமும் தாங்க முடியாத நிலை என்று வரிசையாக வரும். அதிக அளவில், நீண்ட நாள் எடுத்தவர்களுக்கு வலிப்பு, மனக்குழப்பம் வரை போகலாம். இந்த ஆபத்தை மருந்து அட்டைத் தகவலில் கட்டம் கட்டி எச்சரிக்க வேண்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020 செப்டம்பரில் உத்தரவிட்டது.

இதில் ஒரு ஏமாற்று இருக்கிறது. அல்பிரசோலம் உடம்பில் பாதியாகக் குறைய சுமார் 11 மணி நேரம் போதும். அதனால் நிறுத்திய ஓரிரு நாளிலேயே தொல்லை தெரியும். குளோனசெபாம் பாதியாகவே 30 முதல் 40 மணி நேரம் ஆகும். "மூணு நாள் நல்லாத்தானே இருந்தேன், அப்புறம் ஏன் இப்படி?" என்று குழம்புவது இதனால்தான். பழைய நோய் திரும்பிவிட்டது என்று பயந்து மறுபடி மாத்திரையை எடுக்கிறார்கள். "இது இல்லாம எனக்குத் தூக்கமே வராது" என்ற நம்பிக்கை அங்கேதான் பிறக்கிறது. அந்தத் தூக்கமின்மை, மருந்து விலகும்போது சில நாட்களோ வாரங்களோ வந்துபோகிற எதிர்விளைவாகவும் இருக்கலாம். எது என்பதை நாட்கணக்கைக் கேட்டு டாக்டர்தான் பிரித்துச் சொல்ல முடியும். எனவே எந்தத் தேதியில் எவ்வளவு குறைத்தீர்கள் என்று காலண்டரில் குறித்து வையுங்கள்.

எவ்வளவு குறைப்பார்கள்?

அமெரிக்காவில் 2025-ல் வெளியான மருத்துவ வழிகாட்டுதல், 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை 5 முதல் 10 சதவீதம் குறைப்பதை யோசிக்கச் சொல்கிறது. எப்படி இருந்தாலும் 2 வாரத்தில் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. சில நாட்கள் மட்டும் எடுத்தவர்களுக்கு இவ்வளவு நீட்ட வேண்டியதில்லை. வருடக்கணக்கில் எடுத்தவர்களுக்கு மாதங்கள் ஆகும்.

வீட்டுக் கணக்கு இங்கேதான் தப்பாகிறது. 0.5 மில்லிகிராம் குளோனசெபாமைப் பாதியாக உடைத்தால் ஒரே அடியாக 50 சதவீதம் குறைகிறது. 10 சதவீதம் என்றால் 0.05 மில்லிகிராம்தான். கத்தியால் அந்த அளவை வெட்ட முடியாது. அதனால் டாக்டர்கள் குறைந்த அளவு மாத்திரைக்கு மாற்றுவார்கள், அல்லது உடம்பில் மெதுவாகக் கரையும் டயசெபாமுக்கு மாற்றி அதைப் படிப்படியாக இறக்குவார்கள். பிரிட்டனின் நியூகாசிலில் 1982 முதல் 1994 வரை இதற்கென்றே தனி கிளினிக் நடத்திய பேராசிரியர் ஹெதர் ஆஷ்டன் பிரபலப்படுத்திய முறை இது.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுவது நல்ல யோசனை மாதிரி தோன்றும். ஆனால் மருந்தின் அளவு ஏறி இறங்கி, தொல்லைதான் கூடும். மெதுவாகக் கரையும் வகை மாத்திரையை உடைக்கவோ பொடிக்கவோ கூடவே கூடாது. ஒரு கட்டத்தில் ரொம்ப சிரமமாக இருந்தால் அதே அளவில் சில வாரம் நிற்கலாம். அதைத் தோல்வியாக எந்த டாக்டரும் பார்க்க மாட்டார்.

முதல் வகை மாத்திரைக்கு பென்சோடயசெபைன் மாதிரியான அடிமைத்தனம் இல்லை. ஆனாலும் திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தலைக்குள் ஷாக் அடிப்பது போன்ற உணர்வு வரலாம். அதையும் படிப்படியாகத்தான் இறக்க வேண்டும்.

மெடிக்கலில் ஏன் கெடுபிடி?

அல்பிரசோலம், டயசெபாம், ஜோல்பிடெம் ஆகியவை 2014 மார்ச் 1 முதல் ஹெச்1 பட்டியலில் இருக்கின்றன. சீட்டு இல்லாமல் தரக் கூடாது. யார் எழுதியது, யாருக்குக் கொடுத்தது என்று கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். தெரிந்த கடை என்பதால் சீட்டு இல்லாமல் கொடுத்தால், அது உங்களுக்குச் செய்யும் உதவி இல்லை.

யாருக்குக் கூடுதல் கவனம்?

வயதானவர்கள் இரவில் பாத்ரூம் போக எழும்போது தடுமாறி விழுந்து இடுப்பெலும்பு உடைய இந்த மாத்திரைகள் ஒரு காரணமாகின்றன. மதுவோடு சேர்ந்தால் மூச்சு அடங்கும் அபாயம் உண்டு. காசநோய்க்கான ரிஃபாம்பிசின் சில தூக்க மாத்திரைகளின் வேலையைக் குறைக்கும். கீட்டோகோனசோல் என்ற பூஞ்சைத் தொற்று மாத்திரை, அல்பிரசோலத்தின் அளவை உடம்பில் ஏற்றிவிடும். வேறு டாக்டரிடம் போனாலும் இந்த மாத்திரை எடுப்பதை மறைக்காதீர்கள்.

மாத்திரை இறங்கும்போது தூக்கத்துக்கு என்ன வழி என்ற கேள்வி வரும். நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சையாகவே இன்று பரிந்துரைக்கப்படுவது, தூக்கத்துக்கான பேச்சு மற்றும் பழக்கவழக்கப் பயிற்சி. தினமும் ஒரே நேரத்தில் எழுவது, தூக்கம் வந்த பிறகே படுப்பது, தூக்கம் வராமல் புரண்டுகொண்டிருந்தால் எழுந்து வேறு இடத்தில் உட்காருவது எல்லாம் அதில் அடக்கம். முதல் சில நாள் கஷ்டமாகத்தான் இருக்கும்.

மனநல ஆலோசனைக்கு மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் தமிழிலும் பேசலாம். மாத்திரையை நிறுத்திய பிறகு வலிப்போ, ஆள் அடையாளம் தெரியாத குழப்பமோ வந்தால் காத்திருக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும். மருத்துவமனைக்குப் போகும்போது மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.