உப்புசத்தையெல்லாம் ‘கேஸ்’ என்று தள்ளிவிடாதீர்கள்

கன்னம் ஒட்டி, பேன்ட் இடுப்பில் நிற்காத நிலையில் நோயாளிகள் வருகிறார்கள். “வெறும் கேஸ்தான் டாக்டர்” என்கிறார்கள். பையைத் திறந்தால் அமில மாத்திரை அட்டைகளும் செரிமான சிரப் பாட்டில்களும். பரிசோதித்தால் கணையம் பல வருடங்களாகக் கெட்டிருக்கிறது. சமீபமாக இதையே திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

வாயு எங்கிருந்து வருகிறது?

கணையம் தினமும் ஒன்றரை லிட்டர் அளவுக்கு நீர் சுரக்கிறது. உணவை உடைக்கும் நொதிகளோடு கிருமிகளை அடக்கும் பொருள்களும் அதில் உண்டு. பெருங்குடலில் கோடானுகோடியாக இருக்கும் பாக்டீரியா சிறுகுடலின் மேற்பகுதியில் சொற்பமாகவே இருக்க, இரைப்பை அமிலமும் குடல் அசைவும் கணைய நீரும் காரணம். நாட்பட்ட கணைய அழற்சியில் இந்த நீர் குறைகிறது. செரிக்காத உணவைத் தின்று கிருமிகள் சிறுகுடலில் பெருகுகின்றன; வாயு அங்கேயே உருவாகத் தொடங்குகிறது. உணவிலுள்ள பி12 உடலில் சேரவும் கணைய நொதி வேண்டும். சேர வேண்டியதையும் இந்தக் கிருமிகள் பங்குபோடுகின்றன. சிலருக்கு வரும் கால் மதமதப்புக்கு இந்தப் பி12 குறைவும் ஒரு காரணமாகலாம்.

“நான் குடிக்கவே மாட்டேனே!”

இந்த அழற்சிக்கு மது முக்கியக் காரணம்தான். ஆனால் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் மதுவைத் தொடாத இளைஞர்களுக்கே கணையத்தில் கல் சேர்ந்து, பிறகு சர்க்கரை நோயும் வருகிறது. மரவள்ளிக் கிழங்கின் மீது பழி போட்டார்கள், நிரூபணமாகவில்லை. சிலரிடம் மரபணுக் கோளாறு தெரிகிறது.

நீங்களே செய்துகொள்ளும் வைத்தியம்

மருந்துக்கடை சிரப்புகளில் பெரும்பாலும் இருப்பது டயஸ்டேஸும் பெப்சினும்தான். கொழுப்பை உடைக்கும் லைபேஸ் இல்லாமல் அவற்றை எத்தனை பாட்டில் குடித்து என்ன பயன்?

அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோலை யாரும் சொல்லாமலேயே வருடக்கணக்கில் விழுங்குகிறார்கள். மருத்துவர் காரணத்தோடு கொடுப்பது வேறு. நாமாகவே போட்டுக்கொண்டால், கிருமிகளைத் தடுக்கும் அமிலத்தையும் அணைத்துவிடுகிறோம்.

பேதி நிற்க மெட்ரோனிடசோலை வாங்கி மாதக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கு நரம்பு பாதிக்கலாம். ஏற்கெனவே பேதியாகிறவருக்கு “குடலைக் கழுவ” விளக்கெண்ணெய் கொடுப்பதை என்னால் பொறுக்கவே முடியவில்லை. எண்ணெயையே ஒதுக்கி வெறும் கஞ்சி குடித்தால் எடை இன்னும் இறங்கும்.

மருத்துவரிடம் வந்தால், மலத்தில் எலாஸ்டேஸ் என்ற கணைய நொதியின் அளவு, கிருமிப் பெருக்கத்துக்கான மூச்சுப் பரிசோதனை, ஸ்கேன் ஆகியவை தேவைக்கேற்பச் செய்யப்படும்.

மருத்துவர் தரும் கணைய நொதி கேப்ஸ்யூலைச் சாப்பாட்டுக்கு நடுவில் விழுங்க வேண்டும். வெறும் வயிற்றில் போட்டுவிட்டு “பலிக்கவில்லை” என்று நிறுத்துகிறவர்கள் ஏராளம். கிருமிப் பெருக்கம் உறுதியானால் ரிஃபாக்ஸிமின் போன்ற மருந்தைக் குறித்த நாள்களுக்கு மட்டும் கொடுப்போம்.

கெஞ்சிக் கேட்கிறேன்

குடியை நிறுத்துங்கள். பீடி, சிகரெட்டையும் விடுங்கள். புகை தனியாகவே கணையத்தைக் கெடுக்கும். மலம் எண்ணெய்ப் பசையோடு மிதக்கிறதா, கடும் நாற்றமா, தண்ணீர் ஊற்றியும் ஒட்டிக்கொள்கிறதா என்று பாருங்கள். சொல்ல வெட்கப்படாதீர்கள். நன்றாகச் சாப்பிட்டும் எடை குறைந்தால், இருட்டில் பார்வை மங்கினால், மேல்வயிற்று வலி முதுகுக்குப் பாய்ந்தால், அடுத்த அட்டை மாத்திரை வாங்காமல் இந்த வாரமே குடல் நோய் மருத்துவரிடம் வாருங்கள்.