பேரம் இடம் மாறிவிட்டது

1970-களில் புது கார் வாங்கப் போனவர்கள் விலை பேசவில்லை. “எப்போ கிடைக்கும்?” என்றுதான் கேட்டார்கள். வாங்குவதற்கு இருந்தவை மூன்றே மூன்று: கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் தயாரான அம்பாசிடர், பம்பாய் குர்லாவில் தயாரான ஃபியட், நம் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு. எத்தனை கார் தயாரிக்கலாம் என்பதற்கு உரிமம் வேண்டும். என்ன விலைக்கு விற்கலாம் என்பதிலும் அரசு கை வைத்தது. 1969-இல் மூன்று கார்களின் விலையையும் மத்திய அரசே ஆணை போட்டு நிர்ணயித்தது. கம்பெனிகள் உச்ச நீதிமன்றம் வரை போய் வழக்காடின.

விலையை அரசே கட்டிப்போட்டால் வாங்குகிறவருக்கு லாபம்தானே என்று தோன்றும். நடந்தது வேறு. முன்பணம் கட்டிப் பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். காத்திருக்க முடியாதவர் மேல்பணம் கொடுத்து, இன்னொருவர் பெயருக்கு வந்த காரை வாங்கிக்கொள்வார். இதைத் தடுப்பதற்காக, புது காரைக் குறிப்பிட்ட காலத்துக்குக் கைமாற்றக் கூடாது என்று கட்டுப்பாடு வைத்தார்கள். அப்படியும் ரசீதில் ஒரு விலை, ஊரில் ஒரு விலை என்றுதான் இருந்தது. விற்பனையாளரிடம் போகிறவர் கையில் சிபாரிசுக் கடிதம் இருக்கும். வந்த நிறத்தை மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொள்வார். அது வேண்டாம் என்றால் அடுத்த ஆள் தயாராக இருக்கிறார் என்பது இரு தரப்புக்கும் தெரியும்.

மாருதி 800 வந்தும் இது சட்டென்று மாறவில்லை. 1983 டிசம்பர் 14 அன்று இந்திரா காந்தி முதல் காரின் சாவியைக் கொடுத்தார். அதற்கு முன்பே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பணம் கட்டிக் காத்திருந்தார்கள். சுமார் 50 ஆயிரம் ரூபாய்க் காருக்கு வெளியில் மேல்பணம் கேட்டார்கள். வண்டி நல்ல வண்டி, புது வண்டி. ஆனால் வாங்குகிறவர் நிலை பழைய நிலைதான்.

அது புரண்டது 1990-களின் பிற்பகுதியில். 1993-இல் கார் உற்பத்திக்கு உரிமம் வாங்கும் கட்டாயம் நீங்கியது. மறைமலை நகரில் ஃபோர்டும் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாயும் ஆலை கட்டின. 1998-இல் சான்ட்ரோ, மாட்டிஸ், இண்டிகா மூன்றும் அடுத்தடுத்து வந்தன. மாருதி தன் காரின் விலையைக் குறைத்தது. காருக்கு ஆள் காத்திருந்த காலம் போய், ஆளுக்குக் கார் காத்திருக்கும் காலம் வந்தது. காரை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து “ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க சார்” என்று சாவியை நீட்டினார்கள்.

அடுத்த சில ஆண்டுகளைப் பேரத்தின் பொற்காலம் என்றே சொல்வேன். ஒரே கம்பெனிக்கு ஒரே ஊரில் இரண்டு, மூன்று ஷோரூம்கள் முளைத்தன. ஒரு கடையின் கொட்டேஷனை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போவார்கள். “அங்கே ஏழாயிரம் குறைக்கறாங்க தம்பி” என்று காகிதத்தை விரித்தால், இவர் தன் கமிஷனிலிருந்து இன்னும் கொஞ்சம் விட்டுக்கொடுப்பார். இல்லாவிட்டால் ஸ்டீரியோ, சீட் கவர், மேட் என்று எதையாவது சேர்த்துக் கொடுப்பார். மாதக் கடைசியில் எண்ணிக்கை காட்ட வேண்டிய நெருக்கடி விற்பவருக்கு. ஆடியில் புது வண்டி எடுக்கத் தயங்குவதை மாற்ற ஆடிச் சலுகை. டிசம்பரில், வருடம் மாறுவதற்குள் இருப்பைத் தள்ளிவிட இன்னொரு சலுகை. இவை அறிந்தவர் நல்ல விலைக்கு வாங்கினார். அறியாதவர் பக்கத்து வீட்டுக்காரரைவிட அதிகம் கொடுத்தார்.

இப்படிக் கடைக்குக் கடை போட்டி போடுவதைக் கம்பெனிகள் விரும்பவில்லை. இந்தியப் போட்டி ஆணையம் 2017-இல் ஹூண்டாய்க்கு 87 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. முகவர்கள் தரும் தள்ளுபடிக்கு உச்சவரம்பு வைத்தது என்பது குற்றச்சாட்டு. மறு ஆண்டே மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை ரத்து செய்துவிட்டது. 2021 ஆகஸ்ட்டில் மாருதிக்கு 200 கோடி ரூபாய் அபராதம். அந்த நிறுவனமும் மேல்முறையீட்டுக்குப் போனது. மாருதி வழக்கில் ஆணையம் எழுதியிருப்பதைக் கார் வாங்க நினைக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். வாடிக்கையாளர் வேஷத்தில் ஆட்களை ஷோரூமுக்கு அனுப்புவார்களாம். அனுமதித்ததைவிடக் கூடுதலாகத் தள்ளுபடி கிடைக்கிறதா என்று அவர்கள் பேரம் பேசிப் பார்ப்பார்கள். பேச்சைப் பதிவும் செய்துகொள்வார்கள். கிடைத்துவிட்டால் கடைக்கு அபராதம், மேலாளருக்கு அபராதம், எதிரே உட்கார்ந்து பேசிய விற்பனைப் பையனுக்கும் அபராதம்.

“ஆஃபர் எல்லாம் கம்பெனி குடுக்கறதுதான் சார், எங்க கையில ஒண்ணும் இல்ல” என்று ஷோரூமில் யாராவது சொல்லக் கேட்டால், அதில் உண்மையும் இருக்கலாம் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. காரின் எக்ஸ் ஷோரூம் விலையில் முகவரின் பங்கு ஒற்றை இலக்கச் சதவீதம்தான். அதிலும் கை கட்டப்பட்டால் அவர் தன் வருமானத்தை வேறெங்காவது தேடத்தான் செய்வார். தேடிய இடம் கொட்டேஷனின் கீழ்ப்பாதி.

அந்தக் காகிதத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படிப்போம். மேலே எக்ஸ் ஷோரூம் விலை. அடுத்தது ஆயுள் வரி. அது அரசுக்குப் போவது, பேரத்துக்கு இடமில்லை. ஆனால் கணக்கு தெரிந்திருப்பது நல்லது. 2023 நவம்பரில் தமிழ்நாடு உயர்த்திய விகிதப்படி 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரையுள்ள காருக்கு 13 சதவீதம், 10 லட்சத்தைத் தாண்டி 20 லட்சம் வரை 18 சதவீதம். 9.80 லட்ச ரூபாய்க் காருக்கு வரி 1,27,400. 10.20 லட்ச ரூபாய்க் காருக்கு 1,83,600. நாற்பதாயிரம் ரூபாய் கூடுதல் வசதிக்கு ஆசைப்பட்டவர், வரியில் மட்டும் இன்னொரு 56 ஆயிரம் கட்டுகிறார். 10 லட்சத்துக்கு மேல் போனால் 1 சதவீதம் டிசிஎஸ் என்ற வருமான வரிப் பிடித்தமும் உண்டு. அது வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளக் கூடியது என்பதைச் சொல்லித் தருகிற ஷோரூம்கள் குறைவு.

அதற்குக் கீழே இன்சூரன்ஸ். புது காருக்கு மூன்றாண்டு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம் என்பது 2018 செப்டம்பரிலிருந்து. அந்தக் கட்டணத்தை அரசே நிர்ணயிக்கிறது. 1000 முதல் 1500 சிசி வரையிலான காருக்கு, 2022-இல் அறிவித்தபடி, 10,640 ரூபாய். எந்தக் கம்பெனியில் எடுத்தாலும் இதே தொகைதான். வித்தியாசம் எல்லாம் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான பகுதியிலும் அதோடு சேர்க்கும் ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காத காப்பீடு) போன்றவற்றிலும் இருக்கிறது. ஷோரூம் சொல்வதற்கும் வெளியில் விசாரித்தால் கிடைப்பதற்கும் பல ஆயிரம் ரூபாய் இடைவெளி வருவது சாதாரணம். எங்கே எடுப்பது என்பது வாங்குகிறவர் விருப்பம். யாரும் கட்டாயப்படுத்த முடியாது.

இந்த இடத்தில் நடக்கும் பேச்சு ஏறக்குறைய எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

“இன்சூரன்ஸ் நான் வெளியில போட்டுக்கறேன் தம்பி.”

“வெளியில போட்டா கேஷ்லெஸ் கிடைக்காது சார்.”

“இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் உங்க ஒர்க்‌ஷாப்புக்கும் டை-அப் இருந்தா கிடைக்குமே.”

“அப்போ இந்த இருபதாயிரம் ஆஃபர் வராது சார். இருங்க, மேனேஜரைக் கேட்டுட்டு வர்றேன்.”

மேனேஜர் அறைக்குப் போய் வருவதற்குள் காப்பி வந்துவிடும். திரும்பி வருகிற பையன் பிரீமியத்தில் கணிசமான தொகையைக் குறைத்துக்கொண்டு வருவான். அந்தத் தொகை முதலில் ஏன் சேர்க்கப்பட்டது என்று யாரும் கேட்பதில்லை. நான் அந்தப் பையனைக் குறை சொல்ல மாட்டேன். அவனுடைய மாதச் சம்பளம் சின்னது. ஊக்கத்தொகை பெரும்பாலும் இன்சூரன்ஸிலும் ஆக்சசரீஸிலும் லோனிலும்தான் இருக்கிறது.

இன்னும் கீழே ‘ஹேண்ட்லிங்’ அல்லது ‘லாஜிஸ்டிக்ஸ்’ என்று சில ஆயிரங்கள். கிடங்கிலிருந்து கடைக்கு வண்டி கொண்டுவந்த செலவு என்பார்கள். கார் கடைக்கு வந்து சேரும் செலவு எக்ஸ் ஷோரூம் விலைக்குள்ளேயே இருக்கிறது. இப்படி வசூலித்ததைத் திருப்பித் தரச் சொல்லி நுகர்வோர் ஆணையங்கள் உத்தரவிட்டிருக்கின்றன. இது என்ன என்று வாய் திறந்து கேட்டாலே பல கடைகளில் அந்தத் தொகை காணாமல் போய்விடும். கேட்காதவர் கட்டிவிடுகிறார். அதுதான் எனக்குக் கோபம் வரவைக்கிறது. ஓய்வுபெற்றபோது வந்த பணத்தில் வாழ்க்கையின் முதல் கார் வாங்க வந்த ஆசிரியர், பையன் போட்டுக் கொடுத்ததைப் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறார். படித்துக் கேட்பது தன் மரியாதைக்குக் குறைவு என்று நினைக்கிறார்.

லோனிலும் இதே கதை. எட்டு லட்ச ரூபாயை ஏழு வருடத் தவணையில் 9 சதவீதத்துக்கு வாங்குவதற்கும் 9.5 சதவீதத்துக்கு வாங்குவதற்கும் மொத்தத்தில் சுமார் 17 ஆயிரம் ரூபாய் வித்தியாசம். மாதத் தவணையில் இருநூறு ரூபாய்தான் ஏறும் என்பதால் கண்ணில் படாது. ஷோரூமில் போராடி வாங்கிய பத்தாயிரம் தள்ளுபடி இதில் கரைந்து, மேற்கொண்டும் போகிறது.

பழைய காலம் நடுவில் ஒருமுறை திரும்பியும் வந்தது. கொரோனாவுக்குப் பின் சிப் தட்டுப்பாடு வந்தபோது, மஹிந்திராவின் எக்ஸ்யூவி 700-க்கு 2021 அக்டோபரில் முன்பதிவு திறந்த 57 நிமிடங்களில் 25 ஆயிரம் பேர் பதிவு செய்தார்கள். பின்னால் வந்தவர்களில் பலர் ஒரு வருடத்துக்கும் மேல் காத்திருந்தார்கள். டெலிவரி அன்று என்ன விலையோ அதுதான் விலை என்பது நிபந்தனை. எத்தனை கொட்டேஷன் வைத்திருந்தாலும், எத்தனை வீடியோ பார்த்திருந்தாலும், சரக்கு இல்லாத கடையில் பேரம் எடுபடாது என்பதை இரண்டு வருடம் எல்லோரும் பார்த்தோம். சரக்கு குவிந்ததும் தள்ளுபடி மறுபடி வந்தது.

பேரமே இல்லாமல் விலை இறங்கியதும் உண்டு. 2025 செப்டம்பர் 22-இல் சின்ன கார்களுக்கான ஜிஎஸ்டி 18 சதவீதமாக இறங்கியபோது, எந்தக் காருக்கு எவ்வளவு குறைகிறது என்று கம்பெனிகளே பட்டியல் போட்டன. கேட்டவருக்கும் கேட்காதவருக்கும் ஒரே குறைப்பு. மெர்சிடிஸ் பென்ஸ் 2021-லிருந்து இந்தியா முழுவதும் ஒரே விலை என்று தானே நேரடியாக விற்கிறது, முகவர் வண்டியை இருப்பு வைப்பதுகூட இல்லை. நடுத்தரக் குடும்பத்துக் காருக்கும் இந்த ஒரே விலை முறை வர வேண்டுமா என்று கேட்டால், எனக்குச் சம்மதமில்லை. கடைக்குக் கடை இருந்த போட்டியும் போய்விட்டால், கம்பெனி சொல்வதே விலையாகும். 1970-களின் ஒற்றை விலை மறுபடி வரும், அப்போது அரசு வைத்தது இப்போது கம்பெனி வைப்பதாக இருக்கும்.

எனக்கு வேண்டியது அதைவிடச் சின்னது. கொட்டேஷனில் எது சட்டப்படி கட்டாயம், எது வாங்குகிறவர் விருப்பம் என்று தனித்தனியாக அச்சடித்துத் தர வேண்டும், வண்டி தயாரான மாதமும் வருடமும் அதிலேயே இருக்க வேண்டும் என்று போக்குவரத்துத் துறை எல்லா ஷோரூம்களுக்கும் ஒரே படிவம் கொடுக்கலாம். அதுவரைக்கும் முழுப் பணம் கட்டுவதற்கு முன்பே சேசிஸ் எண்ணைக் கேட்டு வாங்கி, யார்டுக்குப் போய் அந்த வண்டியையே பார்த்துவிட்டு வருவது நல்லது. நம்பர் விழுந்துவிட்டால் அதற்குமேல் பேச ஒன்றும் இருக்காது.