முகமறியாரோடு வாதம்

முன்பின் அறியாத ஒருவரோடு வாதிடுதல் நம் நாட்டில் புதிதாகத் தோன்றிய பழக்கம் அன்று. மணிமேகலை வஞ்சி மாநகரில் பல சமயத்தாரின் கொள்கைகளை அவரவர் வாய்மொழியாகவே கேட்டறிந்த வரலாற்றை அவள் பெயரால் அமைந்த காப்பியம் விரித்துரைக்கின்றது. வடமொழியில் கௌதமரின் நியாய சூத்திரம் வாதத்திற்கென்றே இலக்கணம் வகுத்தது. உண்மையை அறியும் பொருட்டு நிகழ்வது வாதம்; வெற்றி ஒன்றையே நாடி நிகழ்வது ஜல்பம்; தனக்கென ஒரு கொள்கையை நிலைநாட்டாது, எதிரியின் கூற்றை இடிப்பதையே தொழிலாகக் கொண்டது விதண்டை. இம்மூன்றனுள் கடைசியானதன் பெயரை மட்டும் நம் வீட்டுப் பெரியவர்கள் ‘விதண்டாவாதம்’ என்று இன்றளவும் மறவாது வழங்கி வருகின்றனர். அதுவே மிகுதியாகக் காணக் கிடைத்தது போலும்!

அந்நூல் 22 தோல்வித்தானங்களையும் எண்ணிக் கூறுகின்றது. எடுத்த கொள்கையை இடையில் மாற்றிக்கொள்ளுதல், பொருளுக்குப் புறம்பானதைப் பேசுதல், கூறியதையே கூறுதல் ஆகியன அவற்றுட் சில. மும்முறை எடுத்துரைக்கப்பட்டு அவையோர் விளங்கிக்கொண்ட ஒரு கூற்றை எதிர்வாதி திருப்பிச் சொல்ல மாட்டாது நிற்பதும் தோல்வியே எனப்படுகின்றது. பிறர் சொன்னது இன்னதென்று சொல்லத் தெரியாதவர் அதனை எங்ஙனம் மறுப்பார்? இன்று இணையத்தில் நாள்தோறும் நிகழும் தர்க்கங்களுக்கு இந்த ஓர் அளவுகோலை வைத்துப் பார்த்தால் எத்தனை தேறும் என்பதை நேயர்களே கணித்துக்கொள்ளலாம்.

வெளிமாநிலங்களில் வாழும் தமிழர்க்கு இத்தகைய வாதப் பயிற்சி புகைவண்டியிலேயே வாய்த்துவிடுகின்றது. விசயவாடாவில் தொடங்கிய அரசியல் தர்க்கம் நாகபுரியை நெருங்குகையில் சூடேறும். யாரேனும் எலுமிச்சஞ்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினால் தணிந்துவிடும். எதிரில் இருப்பவர் முகம் வாடுவதைக் காண்கிறோம். குரல் தழுதழுப்பதைக் கேட்கிறோம். இறங்கவேண்டிய நிலையமும் ஒன்று உண்டு. இணையத்திலோ முகமும் இல்லை, குரலும் இல்லை, இறங்கும் நிலையமும் இல்லை. இக்குறை தொடக்கத்திலேயே உணரப்பட்டது. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துக் கணிப்பொறி அறிவிப்புப் பலகையில் வேடிக்கையாக எழுதியதை மெய்யென்று கொண்டு பலர் பூசலிட்டனர். அது கண்ட ஸ்காட் ஃபால்மன் என்பார், 1982 செப்டம்பர் 19 அன்று, நகைச்சுவைக்கு அடையாளமாக முக்காற்புள்ளி, சிறுகோடு, அடைப்புக்குறி ஆகியவற்றைச் சேர்த்துச் சிரித்த முகம்போல் இடலாம் என்று முன்மொழிந்தார். இன்று கைப்பேசியில் நாம் இடும் சிரித்த முகங்களுக்கு அது முன்னோடி. இழந்த முகத்துக்கு ஈடாக ஒரு பொம்மை முகம்!

ஆயினும் இவ்வழியில் நிகழும் வாதங்கள் யாவும் வீண் என்று தள்ளுதல் முறையன்று. டியூக் பல்கலைக்கழக மாணவர்களான டாம் டிரஸ்காட், ஜிம் எல்லிஸ் இருவரும் 1979-இல் வகுத்த யூஸ்நெட் என்னும் செய்தி வலை, ஊர் பேர் அறியாதார் பலரை ஒரே பேச்சில் கூட்டிவைத்தது. அதன் குழுக்களுள் ஒன்றில் 1992 சனவரி 29 அன்று எழுந்த வழக்கு புகழ்பெற்றது. ஆம்ஸ்டர்டாமில் பேராசிரியராக இருந்தவர் ஆண்ட்ரூ டானன்பாம். ஹெல்சிங்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்சுக்கு வயது 22. மாணவர் ஆக்கிய லினக்ஸ் என்னும் இயக்க முறைமை காலத்துக்கு ஒவ்வாதது எனப் பேராசிரியர் எழுதினார். அவர் காட்டிய காரணங்கள் முதன்மையாக இரண்டு. பணிகள் அனைத்தையும் ஒரே உட்கருவுக்குள் அடைத்திருப்பது பழமையான அமைப்பு என்பது ஒன்று. இன்டெல் 386 என்னும் ஒரே வகைச் சில்லோடு அது பிணைந்துவிட்டது என்பது மற்றொன்று. மாணவர் கடுஞ்சொற்களோடு மறுமொழி எழுதினார். அடுத்த நாளே, பொருளில் விட்டுக்கொடாது, தொனிக்கு மட்டும் அனைவர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

பின்னர் நிகழ்ந்ததே நாம் கருதத்தக்கது. 1995-இல் வெளிவந்த லினக்சின் 1.2 பதிப்பு வேறு வகைச் சில்லுகளிலும் இயங்கியது. ஒரே சில்லோடு பிணைதல் குறையே என்பது இதனால் விளங்கியது. உட்கருவின் பழைய அமைப்போ பெரும்பாலும் அப்படியே நிலைத்தது. ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் இன்று இயங்குவது அந்த உட்கருவின்மீதுதான். இருவர் கூற்றிலும் ஒவ்வொரு பகுதி பிழைத்து நின்றது. அதனைத் தீர்மானித்த நடுவர், கூச்சலுக்கு அசையாத இயந்திரம்.

அரசியலுக்கும் பண்பாட்டுக்கும் அத்தகைய நடுவர் இல்லை என்பர். முழுதும் இல்லை என்பதை நான் ஏற்கவில்லை. காவிரி வழக்கையே காண்போம். 2016 செப்டம்பர் 5 அன்று, வினாடிக்கு 15,000 கன அடி வீதம் 10 நாள்களுக்கு நீர் திறக்குமாறு உச்ச நீதிமன்றம் கருநாடகத்துக்கு ஆணையிட்டது. இரு மாநிலத்தாரும் இணையத்தில் மோதினர். கன்னடத் திரை நடிகர்களை எள்ளி எழுதினார் என்று தமிழ் இளைஞர் ஒருவர் பெங்களூரில் தாக்கப்பட்டார். அக்காட்சி படமாகப் பரவியது. தமிழ்நாட்டில் கருநாடகத்தாரின் ஊர்திகளும் உணவு விடுதி ஒன்றும் தாக்குதலுக்கு உள்ளாயின. அவையும் படமாகப் பரவின. செப்டம்பர் 12 அன்று பெங்களூரில் தனியார் பேருந்து நிலையம் ஒன்றில் மட்டும் நாற்பதுக்கு மேற்பட்ட பேருந்துகள் எரிந்தன. துப்பாக்கிச் சூட்டில் உயிரும் போயிற்று. 16 காவல் நிலைய எல்லைகளில் ஊரடங்கு விதிக்கப்பட்டது. கலகத்துக்கு இணையமே காரணம் என்பது மிகை. மழைக்குறைவும் நெடுநாட் கசப்பும் முன்னரே இருந்தன. எனினும் அன்று கடையடைத்து வீட்டுக்குள் இருந்த பெங்களூர்த் தமிழர்க்கும் சென்னைக் கன்னடர்க்கும், எங்கோ ஒருவர் எழுதிய ஏளனத்தின் விலை இன்னதென்று தெரிந்தது.

அவ்வழக்கில் அளந்தறியத்தக்க செய்தி இல்லாமற் போயிற்றா? பிலிகுண்டுலு அளவை நிலையத்தில் வரும் நீரை மத்திய நீர் ஆணையம் அளக்கின்றது. அங்கு ஆண்டொன்றுக்கு 177.25 டி.எம்.சி. வந்து சேரவேண்டும் என்பது 2018 பிப்ரவரி 16 தீர்ப்பு. இவ்வாண்டு எவ்வளவு வந்தது, மழை குறைந்த ஆண்டில் குறையை எவ்விதம் பங்கிடுவது என்று கேட்பவர் மைசூர்க்காரராயினும் தஞ்சாவூர்க்காரராயினும் அவரோடு பேச இடமுண்டு. நடிகரை ஏசுபவரோடு பேச என்ன இருக்கிறது?

சட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். இணையத்தில் பிறர்க்கு எரிச்சலூட்டும் செய்தி எழுதினாலே தண்டிக்க இடமளித்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் செல்லாதென அறிவித்தது. கருத்து மாறுபாடும் கசப்பான விமரிசனமும் குற்றமல்ல. ஆனால் சமயம், பிறந்த இடம், வாழிடம், மொழி முதலியவற்றைக் காட்டி மக்கட் பிரிவினரிடையே பகைமூட்டுதல் குற்றமாகும். 2024 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 196-ஆம் பிரிவு அதற்கு மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கின்றது. மின்னணு வழியாக எழுதியதும் அதில் அடங்கும் என்று அப்பிரிவிலேயே வெளிப்படையாகக் கூறப்பட்டுள்ளது.