பொதுத் தோட்டத்தில் பனியும் வேனிலும்

பனிக்காலத்தில் தோட்டம் வளர்ப்பது எளிது. அதனை வேனிலிலும் அழியாது காப்பதே அரிது. எங்கள் நெசவாளர் குடியிருப்பில், பாவடிக்குப் பின்புறமுள்ள தரிசு நிலத்தைத் திருத்திப் பதினெட்டுக் குடும்பத்தினர் காய்கறி பயிரிட்டு வருகிறோம். 2023 மார்கழி முதல் 2024 சித்திரை வரை நாங்கள் பெற்ற அனுபவம், இத்தகைய முயற்சியில் இறங்கக் கருதும் அங்கத்தினர்களுக்குப் பயன்படுமென நம்பி இங்கு விவரிக்கிறோம்.

கிணறும் விதையும் பொது, குடும்பத்துக்கு இரண்டு பாத்தி, விளைவது அவரவருக்கு. இதுவே எங்கள் ஏற்பாடு. மார்கழியில் இதில் குறையேதும் தோன்றவில்லை. ஆடியில் ஊன்றிய நாட்டு அவரை, பகற்பொழுது குறுகிய பின்னரே பூக்கும் இயல்புடையது. பனியில் கொத்துக் கொத்தாகக் காய்த்தது. கொழுந்தில் அசுவினி மொய்த்தபோது, பனி ஈரம் உலருமுன் அடுப்புச் சாம்பலைத் தூவினோம். அடங்காத இடங்களில் வேப்பங்கொட்டைக் கரைசல் தெளித்தோம். அரைக் கிலோ வேப்பம் பருப்பை இடித்து, பத்து லிட்டர் நீரில் ஓர் இரவு ஊறவைத்து வடிகட்டி, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து, மாலை வேளையில் தெளிக்க வேண்டும்.

தையில் வெண்டை விதைத்தோம். மாசியில் வெயில் ஏறவே, ஒரு பாத்தியில் நான்கைந்து செடிகளின் இலை நரம்புகள் மஞ்சள் வலைபோல் வெளுத்தன. இது மஞ்சள் நரம்புத் தேமல் நோய். 1924-இல் பம்பாய் மாகாணத்தில் முதன்முதலாக அறியப்பட்ட இந்நோய்க்குக் காரணம் ஒரு வைரஸ். அதனைச் செடிக்குச் செடி கொண்டு செல்வது வெள்ளை ஈ. பற்றிய செடியைக் குணப்படுத்த மருந்து கிடையாது. கண்டவுடன் வேரோடு பிடுங்கிப் புதைப்பதே வழி. ஒரு காலத்தில் நோய் தாங்கிய பூசா சவானி போன்ற இரகமும் பின்னர் அத்திறனை இழந்தது; ஆகவே விதையை மட்டும் நம்பியிருத்தல் போதாது.

ஆனால் பாத்திக்குரிய அன்பர் தயங்கினார். செடிகள் பூத்துப் பிஞ்சும் விட்டிருந்தன. தறியில் வேலை குறைந்த வாரம் அது. அவர் வீட்டுக் குழம்புக்குக் காய் அப்பாத்தியிலிருந்தே வரவேண்டும். கட்டாயப்படுத்த நாங்களும் கூசினோம். பங்குனி பிறக்குமுன் தோட்டத்து வெண்டையில் பாதிக்கு மேல் மஞ்சள் பூத்துவிட்டது.

குற்றம் அவருடையது மட்டுமே எனல் நீதியன்று. பிடுங்குவதால் வரும் நன்மை எல்லாருக்கும், நஷ்டம் மட்டும் ஒருவருக்கு என்றிருந்தால் எவர்தாம் முன்வருவார்? வெள்ளை ஈக்கு வரப்பு தெரியாது. எங்கள் விதியோ வரப்போடு நின்றுவிட்டது.

பங்குனியில் கூடி மூன்று முடிவுகள் செய்தோம். ஒன்று, வாரம் இருமுறை இருவர் முறைவைத்து எல்லாப் பாத்திகளையும் பார்வையிடுவர். இரண்டு, நோய்ப்பட்ட செடி எவருடையதாயினும் அன்றே பிடுங்கப்படும். மூன்று, ஒவ்வொரு பறிப்பிலும் குடும்பத்துக்கு ஒரு கைப்பிடிக் காய் பொதுக்கூடையில் சேரும். செடி இழந்தவருக்கு அதிலிருந்து ஈடு செய்யப்படும்.

காலியான பாத்திகளில் கொத்தவரையும் கீரையும் விதைத்தோம். வைரஸுக்கு இடந்தரும் வரப்புக் களைகளை அகற்றினோம். மஞ்சள் வர்ணம் பூசிய தகரங்களில் விளக்கெண்ணெய் தடவி நட்டோம்; ஈக்கள் அந்நிறத்தை நாடி வந்து ஒட்டிக்கொள்ளும். மாசி முதல் வேம்பும் புங்கும் உதிர்த்த சருகைச் செடியடியில் பரப்பியதால் கிணற்று நீரும் மிச்சமாயிற்று.

சித்திரையில் மீண்டும் வெண்டை விதைத்தோம். நோய் வராமலில்லை, பதினொரு செடிகளைப் பிடுங்க நேர்ந்தது. ஆனால் அத்துடன் நின்றது. அவற்றுள் முதற்செடியைத் தம் பாத்தியிலிருந்து தாமே பிடுங்கிக் கொணர்ந்தவர், மாசியில் தயங்கிய அதே அன்பர். அன்று மாலை பொதுக்கூடையிலிருந்து அவர் வீட்டுக்குக் காய் சென்றது.

பொதுத் தோட்டம் தொடங்குவோர் விளைவைப் பங்கிடும் விதியை முதல் நாளே எழுதிவிடுகின்றனர். நஷ்டத்தைப் பங்கிடும் விதியையும் அன்றே எழுதிக்கொள்ளுமாறு வேண்டுகிறோம்.